கேட்காமல் திருத்தியவர்

மார்ச் ஒன்பதாம் தேதி வெளிவந்த கெர்னல் புதுப்பதிப்பில், யாரையும் கேட்காமல் ஒரு தவறைத் திருத்தினார் என்பதே இவர்மீது நான் சுமத்தும் குற்றச்சாட்டு.

இவர் கெர்னல் காவலர். கணினியின் அடித்தளத்தில் இருந்துகொண்டு, மற்ற நிரல்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும் மென்பொருள் கெர்னல். அது பதில் சொல்லும் விதம் மாறாமல் காப்பது இவர் உத்தியோகம். புதிதாகச் சேர்ந்தவர்கள், "இத சுத்தம் பண்ணிடலாமா சார்?" என்றால் காப்பியை ஓரமாக வைப்பார். "பண்ணலாமே. இத நம்பிப் பொழைக்கிறவங்க வீட்டுக்கெல்லாம் போய் சொல்லிட்டு வாங்க."

பழைய எண்களுக்கு யாராவது அழைத்துவிட்டால் என்னாவது என்று மூன்று கைப்பேசிகளைச் சுமக்கிறார். வீட்டுக் கூடத்து விளக்கின் சுவிட்ச் கட்டும்போதே தலைகீழாக அமைந்துவிட்டது. எல்லோருக்கும் கை பழகிவிட்டதென்று அதையும் மாற்றவிட்டதில்லை.

இத்தகையவர்தான் என் அடிமடியில் கைவைத்தார். வெப்பநிலை கேட்டால் பத்து மடங்காக்கிச் சொல்வது அந்தக் கெர்னலின் வழக்கம். எந்தக் கையேட்டிலும் அது இல்லை. நானே கண்டறிந்து, பத்தால் வகுத்து, மருந்துக்கடைக் குளிர்பெட்டிகளுக்கு, எட்டு டிகிரியைத் தாண்டினால் மணியடிக்கும் ஓர் எச்சரிக்கை நிரல் எழுதினேன். கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தேன். மார்ச் ஒன்பதில் கெர்னல் உண்மை பேசத் தொடங்கியது. என் நிரல் வழக்கம்போல் வகுத்தது. எங்கள் தெருக் கடையில் பெட்டி பழுதாகி, உள்ளே முப்பது டிகிரி ஏறியபோது திரை மூன்று என்றது. இன்சுலின் முழுவதும் வீண்.

"மணி அடிக்கவே இல்லையேண்ணா. தெரியாம அந்த மருந்த யாருக்காவது குடுத்திருந்தா?" என்றார் கடைக்காரப் பெண்மணி. அந்த நிரல் கைமாறிக் கைமாறி இன்னும் எத்தனை கடைகளில் மூன்று என்று சொல்லிக்கொண்டிருக்கிறதோ, நான் அறியேன்.

இரு பதிப்புகளின் அச்சுப்படிகளோடு இவர் வீட்டுக்குச் சென்றேன். புரட்டிப் பார்த்தார்.

"தப்பத்தானே சார் திருத்தினேன்?"

"தப்புதான். ஆனா நீங்க குடுத்த தப்பு. அத நம்பித்தானே எழுதினேன்."

"அத யாரும் பயன்படுத்தலன்னு நெனச்சேன்."

பொழுது சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்தபடியே கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினார். வெளிச்சம் வரவில்லை. மறுபடி அதே பக்கம் தட்டினார். எழுந்தவர் முக்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

"கரண்ட் இல்லையா?"

"இருக்குங்க. மத்தியானம் எலக்ட்ரீஷியன் வந்தாரு, சுவிட்ச நேரா மாத்திட்டுப் போனாரு," என்றார் உள்ளிருந்து மனைவி.

"என்னைய ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"தப்பத்தானேங்க திருத்தினோம்."

முழங்காலைத் தேய்த்தபடியே போய் மெயினை அணைத்தார். கைப்பேசி ஒன்றை என் கையில் கொடுத்து வெளிச்சம் காட்டச் சொன்னார். திருப்புளியால் அந்தச் சுவிட்சைக் கழற்றி, மீண்டும் தலைகீழாகப் பொருத்தினார்.

கெர்னலை எப்போது அவ்வாறு பொருத்துவார் என்பதற்கு, தேதியிட்டு, எழுத்துமூலம் பதில் கோருகிறேன்.