ரத்தம் சொன்ன மருந்தின் பெயர்

அன்பானவர்களே, என் முதல் மகன் மவுத்தாகிப் போனதற்கு நான்தான் காரணம். அதை மறைத்துவிட்டு அல்லாஹ் செய்த உதவியை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் மனைவி ஷமீமாவின் தொண்டை வலிக்கு மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கினேன். அட்டையில் பெயர் இருந்த பக்கத்தை வெட்டிவிட்டு மீதியைத் தந்தார்கள். ஒன்று போட்ட கொஞ்ச நேரத்தில் அவளுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது.

முதல் பிரசவத்துக்குப் போனபோது, "டாக்டர்கிட்ட அத சொல்லிடலாங்க" என்றாள்.

"சும்மா இரு. சொன்னா சேத்துக்க மாட்டாங்க. சேலத்துக்குப் போன்னு தொரத்துவாங்க" என்று அதட்டினேன்.

ஆபரேஷனுக்கு முன் போட்ட ஊசிகளில் ஏதோ ஒன்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிரஷர் விழுந்துவிட்டது. அவளைக் காப்பாற்றினார்கள். மகன் வயிற்றிலேயே போய்விட்டான். இந்தக் கையால்தான் அவனைக் கபரில் இறக்கினேன். பாவி நான்!

ஆறு மாதத்தில் மறுபடி கர்ப்பம். இப்போதும் ஆபரேஷன்தான் என்றார்கள். எந்த மருந்தை நம்புவது? இந்த முறை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"மாசமா இருக்கறப்ப தோல்ல குத்திப் பாக்க வேணாம். எந்த மருந்து ஒடம்புக்கு ஒத்துக்காதுன்னு ரத்தத்துல பாக்கலாம்" என்றார்.

ரத்தம் சென்னைக்குப் போனது. ஒவ்வொரு தொழுகையிலும், "யா அல்லாஹ், ஒண்ணும் இல்லன்னு வரணும்" என்று கெஞ்சினேன். பென்சிலின் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று வந்தது. டாக்டரம்மா முன்னாலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"இன்னா பாய், இதுக்குப் போய் அழுதுகினு? ஒண்ணும் இல்லன்னு வந்திருந்தாதான் எனக்கு பயம். இந்த டெஸ்ட்ல சில சமயம் தெரியாமலே போயிடும். இப்ப பேரு கெடச்சிடுச்சி. அந்த வகையைத் தொடவே மாட்டேன். மத்ததையும் பாத்துப் பாத்துதான் குடுப்பேன்."

நான் புரியாமல் கேட்டதைத் தள்ளிவிட்டு, எங்களுக்கு வேண்டியதைப் படைத்த ரப்பு தந்திருந்தான். அங்கேயே நெற்றி தரையில் பட சுஜூதில் விழுந்தேன்.

மகள் நலமாகப் பிறந்தாள். அவள் வீறிட்டு அழுததைக் கேட்டதும் ஷமீமா, "அவன் ஒரு வாட்டி கூட அழுவலயேங்க" என்று தேம்பினாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மகனின் கபருக்குப் போகிறேன். அல்லாஹ் என்னை மன்னிப்பான் என்று நம்புகிறேன். நீங்களும் அவனை நம்பிக் கேளுங்கள். ஆனால் டாக்டரிடம் எதையும் மறைக்காமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.