பொடி இல்லாத கூடை

அனுசுயாவின் வேலை இறாலை அளப்பது. பிடிப்பதையும் விற்பதையும் தின்பதையும் மட்டுமே அறிந்த கீழத்துறையில், அளப்பதற்கும் ஒரு சம்பளம் உண்டு என்று நம்ப வைக்கவே அவளுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. "அளந்தா வளருமாடி?" என்று கேட்காத ஆள் இல்லை. பேராவூரணியிலிருந்து கடலைப் பார்த்து வரும் பஸ், இதற்கு மேல் போக வழியில்லை என்று திரும்பும் ஊர் அது. படகு கரைக்கு வரும் காலைகளில் ஏலக் கொட்டகையின் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்காருவாள். கூடையிலிருந்து ஒவ்வொரு இறாலாக எடுத்து, கண்குழியிலிருந்து தலை ஓட்டின் விளிம்பு வரை காலிப்பர் என்கிற அளவுக் கவ்வியை வைத்துப் பார்த்து, அளவைப் போனில் ஏற்றுவாள். அப்புறம் அடுத்த இறால்.

அந்த அளவுகள் தஞ்சாவூரில் இருக்கும் பிரகதீஸ்வரி மேடத்துக்குப் போகும். மேடம் கடல் ஆராய்ச்சிக்காரர். கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு வைத்திருந்தார். பொடி எவ்வளவு, நடுத்தரம் எவ்வளவு, பெரிசு எவ்வளவு என்று கொடுத்தால், இந்தப் பக்கத்துக் கடலில் இறால் எவ்வளவு இருக்கிறது, புதுசாக எவ்வளவு வந்து சேர்ந்தது, எவ்வளவு பிடித்தால் அடுத்த வருஷத்துக்கு மிஞ்சும் என்று அந்தக் கணக்கு சொல்லும். அதை வைத்துத்தான் மீன்வளத்துறைக்காரர்கள் எங்கே, எப்போது பிடிக்கலாம் என்று முடிவு செய்வார்கள். ஊரில் அதற்கு ஜோசியம் என்று பெயர். மேடமும் சிரித்துக்கொண்டே, "ஜோசியம்தான். ஜாதகத்த நீ சரியா எழுதித் தரணும் அனுசுயா" என்பார்.

போன ஐப்பசியில் அவள் புருஷன் ஜெயபால் கடலில் செத்துப்போனான். காற்றில் ஃபைபர் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள், அவன் மட்டும் வேதாரண்யத்துக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினான். அடையாளம் காட்டப் போனவள் அனுசுயாதான். ஆமாம் என்றாள், கையெழுத்துப் போட்டாள், வந்தாள். கட்டிக்கொண்டு அழ வந்த பெண்கள் இவள் அழுவாள் அழுவாள் என்று பார்த்து, தாங்களாகவே அழுது முடித்துவிட்டு எழுந்து போனார்கள். கருமாதி முடிந்த மறுநாள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டாள்.

கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது. ஊருக்கென்ன, அழுதால் ஒன்று, அழாவிட்டால் ஒன்று. நெஞ்சில் கல் இருந்தால் பாரமாவது தெரியும். அவளுக்கு அதுவும் தெரியவில்லை. சோறு போட்டால் தின்றாள், விளக்கை அணைத்தால் படுத்தாள். வீட்டில் இருந்தது மாமியார் எல்லையம்மாள் ஒருத்திதான். அவளும் அதிகம் பேசுகிறவள் இல்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த மழைக்காலத்தைக் கழித்தார்கள்.

மாசியில் தகராறு வந்தது. படகுகள் கொண்டுவரும் இறாலில் பொடியே இல்லை என்று மேடத்தின் கணக்கு சொன்னது. பொடி இல்லை என்றால் குஞ்சு கடலுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். குஞ்சு வளர்வது அலையாத்திக் காட்டுக் கழிமுகத்தில். அங்கே பிடிப்பவர்கள் யார்? இடுப்பில் பறி என்கிற ஓலைக்கூடையைக் கட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கும் பொம்பளைகள். படகும் இல்லாமல் வலையும் இல்லாமல் பிழைக்கிறவர்கள். எல்லையம்மாள் அதில் ஒருத்தி. இனிமேல் கழிமுகத்தில் யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு போடலாமா என்று முடிவெடுக்க, பட்டுக்கோட்டையில் கூட்டம் வைப்பதாகச் சேதி வந்தது.

"கையால தடவி எடுக்குறதுலயா கடல் காலியாவுது?" என்றாள் எல்லையம்மாள். "எனக்கு வேற என்ன தொழில் தெரியும்? ஒன் நம்பர வச்சித்தான் சொல்றாங்களாமே."

"நம்பர் அப்படித்தான் வருது அத்த" என்றாள் அனுசுயா. சொல்லும்போது அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கிழவி பறியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

கூட்டத்துக்கு முன்னால் மேடம் நேரிலேயே வந்தார். ராத்தூக்கம் கெட்ட முகம். கொட்டகையில் ஏலம் ஓய்ந்த பிறகு ஐஸ் பெட்டியின் மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தார்.

"பொடி இல்லன்னா, ரெண்டு மூணு மாசத்துல நடுத்தரமும் குறையணும் அனுசுயா. குறையவே இல்ல. பொறக்காத புள்ள எப்படி வளந்து வந்துச்சு? கூட்டத்துல இதக் கேட்டா என்கிட்ட பதில் இல்ல." திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். "ஐப்பசி வரைக்கும் பொடி இருக்கு. அதுக்கப்புறம் அரிவாளால வெட்டுன மாதிரி நின்னுடுச்சு. ஐப்பசில என்ன மாறிச்சு? வலைய மாத்தினாங்களா?"

"அவரு செத்தது ஐப்பசிலதான்" என்றாள் அனுசுயா.

மேடம் பதறிப்போனார். "ஐயோ, நான் அதக் கேக்கலம்மா."

ஆனால் கேட்டதற்கு அதுதான் பதில். வாயிலிருந்து வந்த பிறகுதான் அனுசுயாவுக்கே அது விளங்கியது.

முன்பெல்லாம் அளந்து முடித்த இறாலைக் குவியலிலேயே திருப்பிக் கொட்டிவிடுவாள். கருமாதி முடிந்து அவள் வந்த அன்று, இறால் தரம் பிரிக்கும் வைரக்கண்ணு கூடையைக் கொண்டுவந்து வைத்து, "அளந்தத வூட்டுக்குக் கறிக்கு எடுத்துக்க. போட் ஓனர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். அனுசுயா எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கரையில் ஒரு வீட்டுக்குக் கறிக்கென்று கொடுத்தால், கையில் வந்ததை அள்ளிக் கொடுப்பது கிடையாது. பார்த்துப் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். அதுவும் சாவு விழுந்த வீட்டுக்குப் பொடியைக் கொடுத்தால், கொடுத்தவளுக்குத்தான் கேவலம். அளக்கிற கூடை என்றைக்குக் கறிக் கூடை ஆனதோ, அன்றைக்கே அதிலிருந்து பொடி வெளியேறிவிட்டது. அவள் கண்ணெதிரிலேயே பொறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

சொல்லாமலும் இருந்திருக்கலாம். சொன்னால் இத்தனை மாசத்து வேலையும் குப்பை, வேலையே போனாலும் போகும். பொடி படகிலேயே வருகிறது என்று தெரிந்தால் பழி நேராகப் படகுக்காரர்களின் சின்னக் கண் வலை மேல் திரும்பும். இத்தனை நாள் அவளுக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். சொல்லாவிட்டால் எல்லையம்மாளின் பறி ஆணியிலேயே தொங்கும். அனுசுயா அதிகம் யோசிக்கவில்லை. யோசிக்கிற தெம்பு அவளிடம் இல்லை. இருந்ததை இருந்தபடி சொல்லிவிட்டாள்.

மேடம் திரையில் ஐப்பசிக்குப் பிந்திய கோட்டை விரலால் மறைத்துப் பார்த்தார். "அதுக்கப்புறம் வந்த அளவெல்லாத்தயும் கணக்குலேந்து எடுத்துடணும். வேற வழி இல்ல."

"எடுத்துடுங்க மேடம்."

"தப்பு என் பேர்லயும் இருக்கு. துக்கம் விசாரிக்க வந்தேனே, கொட்டகைக்கும் ஒரு நட வந்து பாத்திருக்கணும்." லேப்டாப்பை மூடினார். "கூட்டத்தத் தள்ளி வைக்கச் சொல்றேன். இனிமே பொறுக்காம, வந்தது வந்தபடி அள."

அடுத்த படகு வந்தபோது வைரக்கண்ணு வழக்கம்போலக் கூடையை நீட்டினாள்.

"பொறுக்க வேணாம் அக்கா. அப்படியே அள்ளிப் போடுங்க. கறிக்கும் வேணாம்."

காரணத்தைக் கேட்டதும் வைரக்கண்ணுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்லது செஞ்சதுக்கு நல்ல மரியாத. நாளைக்கு எங்க வலை மடியில கண்ணு சிறுசுன்னு ஆபீசருங்க வந்து நிப்பாங்க. நீ பாட்டுக்கு அளந்துக்கிட்டு இருப்ப." பொடியும் நண்டும் சேறுமாக ஒரு கூடையை வாரி அவள் காலடியில் கொட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வைரக்கண்ணு அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அனுசுயா குனிந்து பொடியை அளந்தாள். நிறைய இருந்தது. எப்போதும் இருந்திருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் கூட்டம் நடந்தது. கழிமுகத்தை மூடுகிற பேச்சைக் கைவிட்டார்கள், வலைக்கண்ணைப் பற்றி ஆராய ஒரு குழு போட்டார்கள். பறி ஆணியை விட்டு இறங்கியது. அன்று எல்லையம்மாள் ஈரச் சேலையோடு வந்து, கழிமுகத்து இறாலைத் தட்டில் கொட்டி உரிக்க உட்கார்ந்தாள். அனுசுயா எதிரில் உட்கார்ந்து, நடந்ததை அப்போதுதான் முதலிலிருந்து சொன்னாள். வைரக்கண்ணு பொறுக்கிப் போட்டது, அதனால் கணக்கு கெட்டது, அதனால் கழிமுகம் போகப் பார்த்தது.

எல்லையம்மாளின் கை நின்றது.

"நாந்தான் சொன்னேன்" என்றாள்.

"என்னத்த?"

"வைரக்கண்ணுகிட்ட. அவன் போனதுலேந்து எம் மருமவ சரியா திங்க மாட்டேங்குறா, நீயே குடுக்குற மாதிரி நல்லதா பாத்துப் போடுன்னு நாந்தான் போயி கேட்டேன். அவ ஓனர்கிட்ட பேசுனா." தலை நிமிரவில்லை. "கழிமொகத்துக்கு வெனயாவும்னு நான் என்னத்தக் கண்டேன். நீ தின்ன. அது போதும்னு இருந்துட்டேன்."

அந்தக் குழம்புகளை நினைத்துப் பார்க்க முயன்றாள் அனுசுயா. ஐப்பசி மழையிலிருந்து மாசி வெயில் வரைக்கும் அத்தனை நாள் இலையில் விழுந்த இறால். ஒரு வாய்கூட ஞாபகத்தில் இல்லை. புளி போட்டதா, தேங்காய் அரைத்ததா, அதுகூடத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவளும் அந்த ஐப்பசியில்தான் பிள்ளையைப் பறிகொடுத்தாள் என்பது, தெரிந்த சங்கதி என்றாலும், இப்போதுதான் உறைத்தது.

"கொழம்பு நல்லா இருந்துச்சா அத்த?"

எல்லையம்மாள் ஒரு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளினாள்.

"அவனுக்கு வக்கிற மாதிரியேதான் வச்சேன்" என்றாள்.

அனுசுயா அழ ஆரம்பித்தாள்.