கலியபெருமாள் கேட்டார்

கலியபெருமாள் போய்விட்டார் என்று கதிர்காமத்திலிருந்து அவர் மகள் காலையில் போன் செய்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மறுநாள் அவர் மீது விசாரணை. அதற்குள் மாரடைப்பு.

நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலையில் அவரும் நானும் ஒரே குழு. தோண்டுவதற்கு முன், மண்ணுக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய குழாய், கேபிள் பற்றி அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கேட்டு எழுதி வாங்குவதுதான் எங்கள் பாடு. நான் படிவத்தில் டிக் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அவர் விடமாட்டார். "டிக்கு யார் வேணும்னாலும் போடுவாங்கம்மா. கைப்பட எழுதச் சொல்லு, அப்பதான் ஆளு யோசிப்பான்" என்பார்.

கருவடிக்குப்பத்தில் மூடிய மில்லின் பழைய எலக்ட்ரீஷியன் ஒருவரைத் தேடிப்பிடித்தார். "மில்லுக்குப் போன கேபிளு ரோட்டுக்கு அடியிலதான் கெடக்குது. நாந்தான் பொதைச்சேன். எடுத்தத நான் பாக்கல" என்றார் அந்தப் பெரியவர். அன்று மதியமே கேபிளுக்குப் பொறுப்பான அதிகாரியின் முன் போய் நின்றோம். அவர் வரைபடத்தை விரித்து, "எங்கனா இருக்குதா பாருங்க. வேணாம்னு விட்டதுமே படத்துலேர்ந்து எடுத்துட்டோம்" என்றார்.

"படத்துலேர்ந்து எடுத்தீங்க சார். மண்ணுலேர்ந்து எடுத்தீங்களா?" என்று கேட்டார் கலியபெருமாள்.

அதிகாரிக்கு மூக்குக்கு மேல் கோபம். 'இங்கே கேபிள் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படிவத்தைத் தள்ளினார்.

அந்தக் கையெழுத்தை நம்பிச் சில வாரங்களில் அங்கே குழி வெட்டினார்கள். கேபிள் இருந்தது. அதில் மின்சாரமும் இருந்தது. கடப்பாரையோடு இறங்கிய ஏழுமலையின் வலது கை கருகிப்போனது. உடனே அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? "எங்கிட்ட யாரும் வந்து கேக்கவே இல்ல." கோப்பில் படிவத்தைக் காணோம். கலியபெருமாளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய், "நான் கேட்டேன் ஏழுமல, சத்தியமா கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் அவரைத் தின்றது.

சாவு வீட்டுக்கு அதிகாரி ரோஜா மாலையோடு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "போனவரு போயிட்டாரு. பழிய அவரு பேருலயே போட்டு முடிச்சிட்டா இருக்கறவங்க நிம்மதியா இருக்கலாம். நீங்க ஒண்ணும் வாயத் தொறக்காதீங்கம்மா" என்றார். அடப்பாவி! பாடைகூட இன்னும் கட்டவில்லை.

கலியபெருமாளை அறிந்தவர்களே, இரங்கல் கூட்டத்தில் 'நல்ல மனிதர்' என்று பேசிவிட்டுக் கலையாதீர்கள். விசாரணையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளியிருக்கிறார்கள். வாருங்கள். அவர் எனக்கு விட்டுப்போனது அந்தப் படிவத்தின் ஜெராக்ஸ். கையெழுத்தான அன்றே எதிர்க்கடையில் எடுத்து, எங்கோ வைத்து மறந்து, வீட்டையே புரட்டி, சாவதற்கு முந்தைய நாள் கண்டுபிடித்தார். "எங்கிட்ட இருந்தா நானே எழுதிக்கினேன்னு சொல்லுவாங்க. விசாரணைக்கு நீ எடுத்துக்கினு வாம்மா" என்று என்னிடம் தந்தார்.

அந்த அதிகாரி இதைப் படிப்பார். படிக்கட்டும். திங்கட்கிழமை ஏழுமலையை முன்னால் உட்காரவைப்பேன். காகிதத்தை அதிகாரியின் கையில் கொடுத்து, அவர் எழுதியதை அவர் வாயாலேயே ஏழுமலைக்குப் படித்துக் காட்டச் சொல்வேன்.