பெரட்டுக் களத்தில் கேத்ரின் செட்

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் இப்போது முதலில் தேடுவது என் தங்கை கேத்ரினைத்தான். மைக், ஸ்பீக்கர், வயர் எல்லாம் சேர்ந்ததை நாங்கள் ‘செட்’ என்போம். அந்த செட் அவளுடையது. கட்டுவதும் அவள், அதற்குப் பொலிஸில் அனுமதி எடுப்பதும் அவள். அண்ணன் நான், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. லீவு நாளில் அவளுக்கு வயர் சுற்றிக் கொடுப்பேன். என் அளவுக்கு ஒழுங்காக வயர் சுற்ற ஆள் கிடையாது என்று அவளே சொல்வாள்.

கேத்ரின் கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பல வருடம் தைத்தாள். சிங்களம் பேசக் கற்றது அங்கேதான். வேலையை விட்டு வந்தபோது கிடைத்த சேமலாப நிதியில் மற்றவர்கள் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். இவள் ஸ்பீக்கர்களை வாங்கி, கணவன் ரொஷானின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள்.

“படுக்கவே எடமில்ல, பாட்டுப் பொட்டிக்கு எடமா?” என்று லயமே சிரித்தது.

“பொட்டி மேல படுத்துக்கிறோம்” என்றாள்.

சிரித்தவர்கள் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. திருவிழா, கல்யாணம் எல்லாவற்றுக்கும் பழையபடி பஜாரிலிருந்து மக்பூல் நானாவின் செட்தான் வந்தது.

போன டிசம்பரில் முன்பள்ளிப் பிள்ளைகளின் ஒளிவிழா வந்தது. கோயிலுக்குப் போகிற பிள்ளை, சர்ச்சுக்குப் போகிற பிள்ளை எல்லாம் ஒன்றாக ஆடிப் பாடும் நத்தார், அதாவது கிறிஸ்மஸ் விழா. முன்பள்ளியில் இடம் போதாது என்று பெரட்டுக் களத்தில் நடத்த முடிவானது. காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் வந்து பேர் கொடுக்கும் வெட்டவெளி அது. செட்டை நானே போடுகிறேன் என்று கேத்ரின் போய்க் கேட்டாள்.

தோட்டத் தலைவர் நல்லமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். “செட்டு கட்டுறது பெருசில்ல பிள்ள. பொலிஸ்ல பெர்மிட் எடுக்கணும். மேல் டிவிசன்ல பெர்மிட் இல்லாம போட்டதுக்கு மெசினையே தூக்கிட்டுப் போயிட்டானுங்க, தெரியும்ல?”

“தெரியும் தலைவரே. எடுத்துட்டு வாரேன்.”

“வியாழக்கெழம என் கையில இருக்கணும். இல்லாட்டி மக்பூலுக்குப் போன் போட்டுருவேன்.”

இந்த ஒன்று கைவிட்டுப் போனால் அப்புறம் யாரும் தன்னைக் கூப்பிடப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். கிராம சேவகரிடமும் தோட்டத்தை நடத்தும் துரையிடமும் கடிதம் வாங்கினாள். புதன்கிழமை பொலிஸுக்குப் போனோம். மேசையில் இருந்த சார்ஜன் மாத்தறையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். பேச்செல்லாம் சிங்களத்தில். அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“எங்க விழா?”

“பெரட்டுக் களத்துல, சேர்.”

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க வேண்டுமே என்று கேத்ரின், “அதான் சேர், பரேட் நடக்கிற எடம்” என்றாள். பெரட்டு என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான், அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் சார்ஜன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“பரேடா? யாரு போறது?”

“தோட்டத்து ஆளுங்க எல்லாரும்.”

“எங்க போவாங்க?”

“மலைக்கு, சேர்.”

“கையில ஏதும் இருக்குமா?”

“பொம்பளைங்களுக்குக் கூடை. ஆம்பளைங்களுக்குக் கத்தி.”

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியைச் சொன்னாள். சார்ஜன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “கத்தியோட ஊர்வலம் போறதுக்கு ஸ்பீக்கரா? பெரிய சேர் இல்லாம முடியாது. அவர் திங்கக்கெழமதான் வருவார்.”

விழா சனிக்கிழமை. போய்விடலாம் என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவளோ சிரித்துவிட்டாள்.

“சேர், நாளைக்குக் காலையில வந்து அந்த ஊர்வலத்த ஒருக்காப் பாருங்க. பாத்துட்டு வேணாம்னா செட்ட ஆட்டோவுல ஏத்திட்டுப் போயிர்றேன்.”

“பொலிஸுக்கே ஓடர் போடுறியா நங்கி?” என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை.

“இல்ல சேர். டீ குடிக்கக் கூப்பிடுறேன்.”

மறுநாள் பனி விலகுமுன் சார்ஜனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை பேரை எழுதி, மலையைப் பிரித்துக் கொடுத்தார். பெண்கள் கூடையோடு ஒரு பக்கம், ஆண்கள் கத்தியோடு ஒரு பக்கம் ஏறிப் போனார்கள். களத்தில் ஒரு நாய்தான் மிச்சம்.

“அவ்வளவுதானா?” என்றார் சார்ஜன்.

“அவ்வளவுதான், சேர். இனி நாளைக்குத்தான் பரேட்.”

அவர் சிரித்த சிரிப்பில் டீ தளும்பியது. ஆனாலும் லேசில் விடவில்லை. செட்டைப் போடச் சொல்லிவிட்டு, சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் விகாரை வாசல்வரை நடந்தார். ஸ்பீக்கர்களை விகாரைக்கு முதுகு காட்டி, தேயிலை மேட்டைப் பார்த்துக் கேத்ரின் முந்தின மாலையே நிறுத்தி வைத்திருந்தாள். அவர் அங்கிருந்து கையைத் தூக்கினார், இவள் சத்தத்தைக் கூட்டினாள். மறுபடி தூக்கினார், மறுபடி கூட்டினாள். பிறகு திரும்பி வந்தார்.

“சரி, மத்தியானம் வந்து பெர்மிட்ட எடு. எட்டு மணி வரைக்கும். எட்டுன்னா எட்டு, நங்கி.”

வியாழன் பொழுது சாயுமுன் பெர்மிட் நல்லமுத்துவின் கையில் இருந்தது. அவர் அதை முன்னும் பின்னும் புரட்டினார். “சிங்களத்துல இருக்கே.”

“எட்டு மணிக்கு நிப்பாட்டணும்னு இருக்கு, தலைவரே.”

“அதெல்லாம் பாத்துக்கலாம்.”

சனிக்கிழமை மாலை பஞ்சுச் சிறகு கட்டிய சம்மனசுகள், தேவதூதர் வேடப் பிள்ளைகள், ஆடின. ஒரு சம்மனசு மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதது, அதுகூடக் கடைசி லயம்வரை தெளிவாகக் கேட்டது. நன்றியுரை நல்லமுத்துவுடையது. எட்டாகச் சற்று நேரம் இருக்கும்போது மைக்கைப் பிடித்தவர், எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்துத் தன்னிடம் வந்தார்.

“இந்தப் பெர்மிட்ட எடுக்க நான் பட்ட பாடு இருக்கே…”

நான் கேத்ரினைப் பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சத்தத்தை மெல்லக் குறைத்தாள். எட்டு மணிக்குத் தலைவரின் வாய் மட்டும் தனியாக அசைந்தது. பேச்சு முடிந்தது என்று நினைத்து ஜனம் கை தட்டியது. ரோட்டு வளைவில் விளக்கணைத்து நின்ற ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போனது.

நான் வயர் சுற்றத் தொடங்குமுன்னே நல்லமுத்து வேகமாக வந்தார். “என்ன பிள்ள, வாயில இருந்த பேச்சயே புடுங்கிட்ட?”

“பேச்ச இல்ல தலைவரே, சத்தத்த மட்டுந்தான். விட்டிருந்தா அந்தா போறாரே, அவரு செட்டத் தூக்கியிருப்பாரு.”

அவர் வளைவைப் பார்த்தார். போகிற வெளிச்சம் கண்ணை விட்டு மறையும்வரை பார்த்தார்.

“மாசியில அம்மன் திருவிழா. நீயே போடு. மக்பூலுக்கு நான் சொல்லிக்கிறேன்” என்றவர், இரண்டடி போய்த் திரும்பினார். “ஆனா நான் பேசுறப்ப மட்டும் மணியப் பாக்காத.”

“அப்ப மொத ஆளாப் பேசிருங்க, தலைவரே.”