பத்தும் பன்னிரண்டில் ஐந்தும்

பெர்னடெற் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல் ஒன்பது நாள்களாக வைத்திருந்தாள். ஜூன் மாதத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்து நாள்கள் மலைப்பக்கம் கூட்டிப்போகிறார்கள். பெற்றோர் சம்மதிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். லாரா தினமும் ஒருமுறை கேட்டாள். பெர்னடெற் தினமும் "பாப்பம்" என்றாள்.

காரணத்தை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஜூனில் லாராவுக்குப் பதினொரு வயதும் ஐந்து மாதமும் ஆகும். மூத்தவள் மெரில்டா அந்த வயதில்தான் வன்னிப் போரில் செல் விழுந்து செத்தாள். அந்த வயதை லாரா தாண்டும்போது தன் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது பெர்னடெற்றின் முடிவு.

மன்னாரில் கல்யாணம் கட்டியவள். மெரில்டாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது கணவன் லோறன்ஸ் சுவிசுக்கு வந்துவிட்டான். மகளை அடக்கம் செய்த பிறகு இவளும் தனியாக வந்து சேர்ந்தாள். அங்கே ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் மூன்றாம் மாடி வீடு, ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் வேலை. முப்பத்தைந்து வயதில் லாரா பிறந்தாள். அன்றிலிருந்து பெர்னடெற் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முதல் பல் விழுந்தது மெரில்டாவுக்கு ஆறேகாலில், இவளுக்கு ஆறரையில். இறந்தவளின் வயது அசையாது. உயிரோடு இருப்பவளின் வயது அதை நோக்கி நடந்து வருகிறது. இதைவிடக் கொடிய கணக்கு ஒரு தாய்க்கு இருக்க முடியுமா என்று தெரியவில்லை. அவள் அதை ஒரு நாளும் தவறவிடாமல் செய்தாள்.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம் லாரா சாப்பாட்டு மேசையில் கொப்பியை விரித்தாள். வீட்டில் உள்ளவர்களின் வயதைக் கலப்பு எண்ணாக எழுதி, சிறியதிலிருந்து பெரியதாக ஒரு கோட்டில் குறிக்க வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

"அப்பா ஐம்பத்தொண்டும் காலும்," என்றாள் லாரா.

"உன்ரை ரீச்சருக்கு என்ரை வயசு என்னத்துக்கு? முதியோர் இல்லத்திலை இடம் பாக்கிறாவோ?" என்றான் சோபாவில் கிடந்த லோறன்ஸ்.

"அம்மா நாப்பத்தாறும் ஆறிலை அஞ்சும். அப்பாவைவிடச் சின்னன்."

"வாயிலை மட்டும் பெரிசு."

"பேசாமக் கிடவுங்கோ," என்றாள் பெர்னடெற், வெங்காயத்தை வெட்டியபடி.

"நான் பதினொண்டும் ஆறிலை ஒண்டும்." லாரா பென்சிலைக் கடித்தாள். "அம்மா, அக்காவையும் போடட்டோ?"

கத்தி நின்றது. லோறன்ஸ் எழுந்து உட்கார்ந்தான்.

"போடு," என்றாள் பெர்னடெற். "பதினொரு வயசு, அஞ்சு மாசம்."

"அப்ப பதினொண்டும் பன்னிரண்டிலை அஞ்சும். என்ரை ஆறிலை ஒண்டு எண்டா பன்னிரண்டிலை ரெண்டு. அக்கா மூண்டு கோடு முன்னுக்கு." குறித்தாள். பிறகு, "மாசம் சரியோ எண்டு பாக்கோணும், ரீச்சர் திகதியும் எழுதச் சொன்னவ," என்று எழுந்து மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த அக்காவின் நினைவு அட்டையை எடுத்து வந்தாள்.

அந்த அட்டையை அந்த வீட்டில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தார்கள். முகத்தின் கீழே இருந்த இரண்டு திகதிகளை யாரும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கவில்லை. பிறப்பு 04.11.1998. இறப்பு 09.04.2009.

லாரா விரல் மடித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"அம்மா, இது பத்து."

"என்ன பத்து?"

"அக்காக்குப் பத்து வயசும் அஞ்சு மாசமும். பதினொண்டு இல்லை. அஞ்சு மாசம் சரி, முழு எண்தான் பிழை."

"விசர்க்கதை கதைக்காதை. பெத்தவளுக்குத் தெரியாதோ?"

"நீங்களே எண்ணுங்கோ."

பெர்னடெற் கையைத் துடைத்துவிட்டு எண்ணினாள். தொண்ணூற்றெட்டு நவம்பரிலிருந்து இரண்டாயிரத்தெட்டு நவம்பர் வரை பத்து. அதற்குப் பிறகு ஐந்து மாதம்.

எங்கே பிழை நடந்தது என்பது அவளுக்கு உடனே விளங்கியது. ஊரில் எந்தத் தாயும் முடிந்த வயதைச் சொல்வதில்லை. நடக்கிற வயதைத்தான் சொல்வாள். "பதினொண்டு நடக்குது" என்று அந்த வருடம் முழுக்கப் செல்லடிக்குப் பதுங்கிய பங்கர் பங்கராகச் சொல்லித் திரிந்தவள் அவள். இங்கே வந்து அகதி விசாரணையில் வயதைக் கேட்டபோது பதினொன்று என்றாள். பிறந்தநாள் கழிந்து எத்தனை மாதம் என்றபோது ஐந்து என்றாள். இரண்டும் உண்மை. இரண்டு வெவ்வேறு எண்ணும் முறைகளிலிருந்து எடுத்த இரண்டு உண்மைகளை ஒன்றாக ஒட்டிவிட்டு, பதினைந்து வருடம் அதையே நம்பியிருந்தாள். லோறன்ஸும் அவள் சொன்னதையே மனத்தில் எழுதிவைத்தான்.

"முதல்லை முழு எண்ணைப் பாக்கோணுமாம்," என்றாள் லாரா, கோட்டை அழித்தபடி. "அது வேறை எண்டா பின்னத்தைப் பாக்கத் தேவையே இல்லை. பதினொண்டு பத்தைவிடப் பெரிசு. நான் போன வருசம் ஜூனிலையே அக்காவைத் தாண்டீட்டன்." மெரில்டாவின் புள்ளியை இடதுபக்கம் வைத்தாள். பிறகு தலை நிமிர்ந்து, "அப்ப அவ இப்ப என்ரை தங்கச்சியோ?" என்றாள்.

"லாரா!" என்றான் லோறன்ஸ்.

"விடுங்கோ," என்றாள் பெர்னடெற்.

அவளுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். பயந்த நாள் வந்து போய்விட்டது. பிள்ளை முன்னால் இருக்கிறாள். ஆனால் வந்தது ஆறுதல் இல்லை. பதினொன்று முடிந்த ஒரு மகளைத்தான் அவள் இத்தனை காலம் நினைத்து அழுதாள். உயரம் கூடிய, சட்டை கட்டையாகிப்போன ஒரு மெரில்டா. அவளுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தாள். சலவை அறையில் சூடான விரிப்புகளை மடிக்கும்போது எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்த மெரில்டாதான். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. இருந்தவள் அதைவிடச் சின்னவள். அந்தச் சின்னவளை யாரும் இவ்வளவு நாளும் நினைக்கவில்லை.

பெர்னடெற் மலைப்பயணத் தாளைத் தேடி எடுத்து மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். லாரா துள்ளி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கைகளை அவள் விலக்கவில்லை.

"போன ஜூனிலை நீ எங்கை போனனி?" என்று கேட்டாள்.

"எந்த நாள்?"

"ஏதோ ஒரு நாள். என்ன செய்தனி?"

லாரா யோசித்தாள். "தெரியாது அம்மா. பள்ளிக்கூடம் போயிருப்பன். நீங்கள் வேலைக்குப் போயிருப்பியள்."

"ஓம்," என்றாள் பெர்னடெற். "போயிருப்பன்."