தோழனாக நின்றவன்

குடும்பம் என்றால் என்ன என்று பல ஆண்டுகள் வகுப்புகளில் கற்பித்தேன். அதற்காகச் சம்பளம் வாங்கினேன். இப்போது ஓய்வூதியமும் வாங்குகிறேன். ஒரு பெண் தன் கணவனிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்கும்படி என்னை மன்றாடினாள். கேட்க எனக்கு உரிமையும் இருந்தது, கடமையும் இருந்தது. நான் கேட்கவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சமூகவியல் ஆய்வுக்காக ரொறன்ரோவுக்கு வந்தேன். யாழ்ப்பாணத் தமிழர்கள் அப்போது இந்த நகரில் மிகக் குறைவு. பேருந்தில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டு போவோம். குடியேறிய குடும்பம் புதிய நாட்டில் எப்படித் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பது என் ஆய்வு. குடும்பத்தை உடம்புக்கு ஒப்பிடும் கோட்பாடு அன்றைக்கும் செல்வாக்கோடு இருந்தது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை. ஒன்று தளர்ந்தால் மற்றது ஈடுகட்டும். முழு உடம்பும் சமநிலைக்குத் திரும்பும். இன்னொரு கோட்பாடு, மனிதர்களைப் போலவே குடும்பத்துக்கும் பருவங்கள் உண்டு என்றது: திருமணம், முதற்குழந்தை, சொந்த வீடு, பிள்ளைகள் வளர்ந்து பிரிவது. ஒரு பருவத்தின் கடமையை முடித்தால் அடுத்ததற்கு ஏறலாம். குடும்பத்துக்குள் அதிகாரம் யார் கையில், யார் அடங்கிப் போகிறார் என்று கேட்கிற மூன்றாவது கோட்பாடும் இருந்தது. அதைப் பேசியவர்கள் பெரும்பாலும் இளைஞர்களும் பெண்களும். பரீட்சைக்காக அதையும் படித்தேன். என் ஆய்வுக்கு அது தேவையில்லை என்று ஒதுக்கிவைத்தேன்.

என் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர் ஒருவர் இங்கே இருந்தார். என்னிலும் சில வயது இளையவர். கொழும்பில் பொறியியலாளராக இருந்தவர். இங்கே அந்தப் படிப்பு செல்லாது என்றார்கள். ஒரு கம்பனியில் மற்றவர்களின் திட்டங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். அவருக்குப் பெண் பேசி ஊரிலிருந்து அனுப்பினார்கள். விமானத்தில் தனியாக வந்து இறங்கினாள். தகப்பன் இல்லை, ஒரே தமையன் அங்கேயே இருந்தான்.

எங்கள் பக்கத்துத் திருமணத்தில் பெண்ணின் சகோதரன், வழக்கமாக ஓர் இளைஞன், தோழனாக நிற்பான். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்து வருவது அவன்தான். அவன் அதை வேலைக்காரனாகச் செய்வதில்லை. பிற்பாடு தங்கைக்கு ஒரு குறை என்றால், அந்த வீட்டுக்குப் போய் நேருக்கு நேர் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. கேட்காவிட்டால் ஊர் அவனைத்தான் காறித் துப்பும்.

மாப்பிள்ளையே என்னிடம் வந்தார். "அண்ணை, பொம்பிளைப் பக்கத்துக்கு ஆளில்லை. நீங்கள்தான் தோழனா நிக்க வேணும்."

"எனக்கு அதுக்கு வயசு கூடிப் போச்சுது, தம்பி."

"வயசில என்ன இருக்கு? காலைக் கழுவத் தெரிஞ்சாப் போதும்."

ஆய்வாளனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று உடனே சம்மதித்தேன். ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை கம்பளிக் காலுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் காலை வைத்தார். "அண்ணை, நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்கோ, ஊர்ச் சேறு இன்னும் கிடக்கும்!" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். தரை விரிப்பு நனைந்ததற்கு மண்டபக் காவலாளி வந்து ஏசினான். பெண் தலையை நிமிர்த்தாமல் நின்றாள். எல்லாம் முடிந்தபின் அவள் முதலில் என்னிடம்தான் வந்தாள். "அண்ணை, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள். அன்று முதல் நான் அவளுக்கு அண்ணன்.

பெரும்பாலான சனிக்கிழமைகளில் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டில் சாப்பிட்டேன். தகர டின்னில் வரும் மீனில் அவள் வைக்கும் குழம்புக்காகவும் போனேன், குறிப்பெடுக்கவும் போனேன். சாப்பாடு முடிந்ததும் கணவர் கோப்பைகளைக் கழுவுவார். ஊரில் தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்து வைக்காத ஓர் ஆண் இங்கே கோப்பை கழுவுகிறான்! கணவன் மனைவிக்கிடையே வேலைப் பங்கீடு மாறுகிறது என்று மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டேன். ஒருநாள் அவள் இடது கையால் சோறு போட்டாள். "குறை நினையாதேங்கோ அண்ணை, வலது கை சுளுக்கிப் போட்டுது" என்றாள். அந்தக் கைக்கும் அவர் கோப்பை கழுவுவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று நான் யோசிக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. அவள் தவழ்ந்து, நடந்து, என்னைக் கண்டால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தாள்.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது கணவர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தார். அவள் கட்டடத்தின் அடித்தளத்தில் துணி துவைத்துக்கொண்டிருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். இறங்கிப் போனேன். இயந்திரங்களின் இரைச்சலில் நான் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்து விட்டிருந்தாள். முழங்கைக்கு மேலே மஞ்சளும் நீலமுமாக இருந்தது. என்னைக் கண்டதும் கையை இறக்கிவிட நினைத்தவள், பிறகு அப்படியே விட்டாள்.

"கண்டிட்டீங்கள்தானே அண்ணை. இவர் எனக்கு அடிக்கிறவர்."

அவள் இயந்திரத்திலிருந்து ஒரு துணியை எடுத்தாள். "முந்தி கோவம் வந்தால் மட்டும்தான். இப்ப அதுகூடத் தேவையில்லை. வேலையில வெள்ளைக்காரன் ஏதும் சொன்னாலும் அடி, பஸ் பிந்தினாலும் அடி."

"பிள்ளைக்கு முன்னாலயோ?"

"பிள்ளை என்ர இடுப்பில இருக்கேக்கையே." துணியை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள். "இப்ப ரவுனுக்கு வெளியில, பிக்கரிங்கில வீடு வாங்கப் போறாராம். இஞ்ச எண்டால் பக்கத்து வீட்டு மனுசி சுவரில தட்டுறவ. அவ தட்டினால் இவர் வெக்கத்தில நிப்பாட்டிப் போடுவார். அங்க தட்டுறதுக்கு ஆர் இருக்கினம்?"

"நான் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுறீர்?"

"சண்டை ஒண்டும் பிடிக்க வேண்டாம். 'தம்பி, என்ன இது?' எண்டு ஒருக்காக் கேளுங்கோ. அதுகும் ஏலாதெண்டால், வீடு வேண்டாம் எண்டாவது சொல்லுங்கோ. ஊரில எண்டால் என்ர தமையன் வந்து நிண்டிருப்பார். இஞ்ச நீங்கள்தானே. அவருக்கு உங்களில பயம், அண்ணை."

"பாப்பம், தங்கச்சி" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் என் தலைக்குள் கோட்பாடுகள் வரிசையாக வந்து நின்றன. ஆய்வாளன் பார்க்க வேண்டியவன். தலையிட்டால் அவன் பார்ப்பது அந்தக் குடும்பத்தை அல்ல, தன் தலையீட்டின் விளைவை. குடியேறிய குடும்பம் அழுத்தத்துக்கு உள்ளாகும். பிறகு சமநிலைக்குத் திரும்பும். இப்படியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. நான் கேட்டால் அவர் கதவை மூடிவிடுவார். என் ஆய்வின் சிறந்த குடும்பம் போய்விடும். என் மேற்பார்வையாளரிடம் ஆலோசனை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், ஆய்வை விடு, முதலில் போய் அந்தப் பெண்ணைக் கவனி என்றிருப்பார். அது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, நான் வாயைத் திறக்க வேண்டிய தேவைகூட இல்லாமல் போயிற்று. கணவரே சாப்பாட்டு மேசையில் வீட்டின் படத்தை விரித்தார்.

"பாருங்கோ அண்ணை. புது வீடு. காராஜ் இருக்கு. பின்னால வளவு, பிள்ளை ஓடி விளையாடலாம். காலமை ரெயின் எடுத்தால் நேரே டவுன்ரவுன். உங்கட வாயால சொல்லுங்கோ, வாங்கட்டோ?"

அவர் சும்மா கேட்கவில்லை. வேண்டாம் தம்பி, பிள்ளை சிறிசு, தங்கச்சிக்குக் கார் ஓட்டத் தெரியாது, கொஞ்சம் பொறும் என்று நான் சொல்லியிருந்தால் அவர் படத்தைச் சுருட்டி வைத்திருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன். அவள் சமையலறை வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"இது நீங்கள் இரண்டு பேரும் எடுக்க வேண்டிய முடிவு, தம்பி" என்றேன். "வெளியாள் நான் இதில என்னத்தைச் சொல்ல?"

அவர் கொஞ்சம் ஏமாந்து போனார். பிறகு தன்னைச் சமாளித்துக்கொண்டு, "சரி, அப்ப வாங்குவம்" என்றார். அவள் உள்ளே போய்விட்டாள். குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தபோது, "போட்டுச் சாப்பிடுங்கோ, சேர்" என்று வாத்தியாரை விளிப்பதுபோலச் சொன்னாள்.

பிக்கரிங் வீட்டுக்கு நான் போனது ஒரே ஒரு தடவை. பனிக்காலம் தொடங்கியிருந்தது. வீதி இன்னும் முழுதாகப் போடப்படவில்லை; நடைபாதை கிடையாது; உழுதுபோட்ட மண் அப்படியே உறைந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த வீடுகள் பாதி வெறுமையாக நின்றன. அவள் கதவைத் திறந்து, "வாங்கோ சேர்" என்றாள்.

"என்னப்பா, அண்ணையைப் போய்ச் சேர் எண்டுறாய்?" என்று கணவர் சிரித்தார்.

"பெரிய படிப்புப் படிக்கிறவர்தானே" என்று அவள் சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

நான் கேள்விகளைக் கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஓம், இல்லை என்று பதில் சொன்னாள். இடையில் கணவர் தேநீர்க் கோப்பையை மேசையில் சற்று அழுத்தி வைத்தார். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய் இருந்துகொண்டது. அந்த வீட்டில் யாரும் அதைப் புதுமையாகப் பார்க்கவில்லை. நானும் பார்க்காதவன் போல இருந்தேன். சொந்த வீடு என்ற பருவத்தை இந்தக் குடும்பம் எட்டிவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதினேன். குடியேறியவர்கள் இரத்தத் தொடர்பில்லாதவர்களை அண்ணன், தங்கை என்று அழைத்து உறவுகளை உண்டாக்கிக்கொள்வது பற்றி ஓர் அத்தியாயமும் எழுதினேன். பரீட்சகர்கள் மிகவும் பாராட்டியது அந்த அத்தியாயத்தைத்தான்.

அதே பனிக்காலத்தில் ஒரு நாள், ஒரு மருத்துவமனையிலிருந்து பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக்குத் தொலைபேசி வந்தது. தமிழ் பேசுகிற ஒருவர் மொழிபெயர்க்க வேண்டுமாம். யார் நோயாளி என்று தெரியாமலே போனேன். கட்டிலில் அவள் கிடந்தாள்.

அவளுடைய அரைகுறை ஆங்கிலத்திலிருந்து விளங்கிக்கொண்டதைச் சிறுவர் நல அதிகாரி சொன்னார். காலையில் கணவர் அடித்துவிட்டு ரெயினுக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்கு முன் போய்விடவேண்டும் என்று அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். ஸ்டேஷனுக்குப் போகிற வழி அவளுக்குத் தெரியாது. அதற்கு எதிர்த்திசையில், விட்பி என்ற ஊர்ப் பக்கமாகத் திரும்பிவிட்டாள். தன் கோட்டைப் பிள்ளைக்குச் சுற்றியிருந்தாள். காலில் வீட்டுச் செருப்பு. பாரவண்டிக்காரர் ஒருவர் கண்டு ஏற்றிவந்தார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. உறைபனியில் கருத்துப்போன தாயின் கால்விரல்களில் சிலவற்றை வெட்ட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். "சரி" என்றாள்.

பிறகு அதிகாரி கேட்டார்: இந்த நாட்டில் இந்தப் பெண்ணுக்கு உறவினர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் தாய் குணமாகும்வரை பிள்ளையை அவர்களிடம் விடலாம். இல்லாவிட்டால் முன்பின் தெரியாத ஒரு வீட்டில்தான் விடவேண்டும்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். எனக்கு நேரம் தருகிறாள் என்று எனக்கு விளங்கியது. அதற்கிடையில் எனக்கும் திருமணமாகி, நானும் என் மனைவியும் ஒரு சிறிய வீட்டில் இருந்தோம். ஒரு பிள்ளைக்கு அங்கே இடம் இருந்தது. நான் அதிகாரியின் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

அதை நான் பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன்.

வசந்தம் வந்தபின் அவள் பிள்ளையை மீட்டுக்கொண்டாள் என்றும், பிறம்ரன் என்ற ஊரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறாள் என்றும், தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். கணவர் மேற்கே எங்கோ போய்விட்டார். பிள்ளை அந்த அந்நிய வீட்டிலிருந்து திரும்பியபின் வெகுகாலம் யாரோடும் பேசவில்லை என்று ஒருவர் சொன்னார். எனக்குப் பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது. நான் அவர்களைத் தேடிப் போகவில்லை.

மருத்துவமனையில் அன்றைக்கு நடந்ததில் ஒன்றை மட்டும் என் மனைவியிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். நான் அறையை விட்டு வெளியே வந்தபோது, பிள்ளையைக் கொண்டுபோக வந்தவர்கள் நடைகூடத்தில் நின்றார்கள். பிள்ளை என்னைக் கண்டதும் ஓடிவந்து என் கோட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. அழவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. உங்களை இவளுக்குத் தெரியும் போலிருக்கிறதே என்று அதிகாரி கேட்டார். தமிழ் ஆள் என்பதால் இருக்கலாம் என்றேன். அவர் குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான் கோட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.