காரம் இல்லை

கீறினால் பால் வடியும் காட்டுக் காளான்களைச் சேகரித்து, காயவைத்து, உறையில் போட்டுப் பாதுகாப்பதுதான் என் வேலை. காய்ந்துவிட்டால் அவற்றின் பாலும் போய்விடும், காரமும் போய்விடும். இனம் பிரிக்க அந்தக் காரம் தெரிய வேண்டும்; அதனால் பறித்த இடத்திலேயே ஒரு துணுக்கைக் கடித்துத் துப்பி, சுவையை உறையில் வைக்கும் சீட்டில் எழுதிவிட வேண்டும். என் சீட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே பதில்தான்: காரம் இல்லை.

போன வருடம் பூச்சோங் பக்கத்துக் காட்டில் ஒரு காளானைக் கடித்துவிட்டு வழக்கம்போல அதையே எழுதினேன். கூட வந்த மூத்த ஆய்வாளர், டெங்கில் ஊர்க்கார அக்கா, சும்மா இருக்காமல் தானும் ஒரு துணுக்கைக் கடித்தார். அடுத்த நொடியே துப்பிவிட்டு, கண்ணில் நீர் வழிய என் தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கினார்.

"எரியுது லா! இதையா காரம் இல்லன்னு எழுதின? காலைல என்ன சாப்பிட்ட?"

"தோசைதான் அக்கா. சம்பல், கடிச்சிக்க நாலு பச்சமிளகா."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

அக்கா சிரித்த சிரிப்பில் அங்கேயே ஒரு வேர்மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்து இன்னொரு துணுக்கை நன்றாகவே மென்று துப்பினேன். சத்தியமாக ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் நானும் சிரித்தேன்.

எழுதிய சீட்டை அழிக்கவோ எடுக்கவோ கூடாது என்பது எங்கள் விதி. அதனால் மறுநாள் அக்கா என் உறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய சீட்டோடு புதிய சீட்டு ஒன்றையும் வைத்தார்:

"சுவைத்தவர் தினமும் நான்கு பச்சைமிளகாய் தின்பவர். நம்ப வேண்டாம்."